ஊருக்கு ஒரு தர்மாஸ்பத்திரி: தொடங்குவது எப்படி?

சர்க்கரை அளவு பார்க்க விரலை நீட்டச் சொன்னால், பட்டாசு ஆலையில் வேலை செய்யும் பெண்கள் முதலில் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார்கள். துடைத்தாலும் போகாது. நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளிக்கோடாகத் தங்கியிருக்கும். சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த ஞாயிற்றுக்கிழமை முகாமில், பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்த என் முன் அப்படி ஒரு கை நீண்டது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவரச் சொன்னோம். கழுவாத விரலில் குத்தினால் கருவி தவறான அளவு காட்டிவிடும்.

"இருமல் எத்தனை நாளா இருக்குக்கா?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு தம்பி, ஒரு மாசமா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் கூலி போயிரும்ல?"

சளிப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். அடுத்த முகாமுக்கு அவர் வரவில்லை. பரிசோதனைக்குப் போனாரா என்று விசாரிக்க எங்களிடம் அவருடைய தெருப் பெயர்கூட இல்லை. சீட்டைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்திருந்தோம். அந்தத் தவறு கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இலவச மருத்துவம் என்பது முகாம் நடக்கும் நாளில் பாதிதான். மீதிப் பாதி மறுநாள் காலையில் தொடங்குகிறது.

படி 1: கணக்கெடுங்கள்

முகாமுக்கு ஒரு மாதம் முன்பே வீடு வீடாகப் போங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்விகள் போதும்.

தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ இருக்கிறதா? பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்கு இஎஸ்ஐ உண்டு. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கும். சிவகாசியிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. எண் இருந்தும் அட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. குடும்பத்தார் பெயரைச் சேர்க்காமல் விட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு முகாமைவிட அந்த அட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கம்தான் முதல் தேவை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். கட்டணமில்லாத் தகவல் எண் 1800 425 3993. ஆனால் இந்த அட்டை அறுவை சிகிச்சை, உள்நோயாளி சிகிச்சை போன்ற பெரிய செலவுகளுக்கானது. மாதக்கணக்கில் இருமுபவருக்கும் தினமும் மாத்திரை விழுங்குபவருக்கும் அதனால் பெரிய பயன் இல்லை.

இரண்டும் இல்லாதவர் யார்? வீட்டில் திரி சுற்றுபவர், அட்டைப் பெட்டி ஒட்டுபவர், பெயர்ப் பதிவில்லாமல் தினக்கூலிக்குப் போகிறவர், வேலையை விட்டுவிட்ட முதியவர், வடமாநிலத்திலிருந்து வந்த இளைஞர். உங்கள் தர்மாஸ்பத்திரி முதலில் இவர்களுக்காகத்தான். இவர்கள் பெயரைச் சிவப்பு மையால் எழுதுங்கள்.

படி 2: நாளையும் இடத்தையும் வேலைக்குப் போகிறவர் கண்ணால் தேர்ந்தெடுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிகிச்சை இலவசம்தான். ஆனால் காலையில் அங்கே வரிசை நகரும் நேரத்தில் ஆலை வேன் போய்விடும். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு, மாதாமாதம் அதே ஞாயிறு என்று வையுங்கள். "ரெண்டாவது ஞாயிறு டாக்டர் வருவாரு" என்று ஊர் சொல்லத் தொடங்கினால் நோட்டீஸ் அடிக்கும் செலவு மிச்சம்.

பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், நூலகம் எதுவாகவும் இருக்கலாம். ஆலை வளாகம் மட்டும் வேண்டாம். முதலாளி நல்லவராகவே இருக்கட்டும். ஃபோர்மேன் நிற்கிற இடத்தில் யாரும் "எனக்கு மூச்சு வாங்குது" என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம் நெஞ்சுவலியையும் மறைக்கவைக்கும்.

படி 3: மருத்துவரும் சட்டமும்

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவர் மட்டுமே நோயாளியைப் பார்க்க வேண்டும். ஒருவர் பெண் மருத்துவராக இருப்பது அவசியம். வெள்ளைப்பாடு, கர்ப்பப்பைத் தொல்லை, மாதவிடாய்க் கோளாறு என்று பெண்கள் வருடக்கணக்கில் சுமப்பது அவர் முன்னால்தான் வாய்ச்சொல்லாக வரும்.

2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதிலிருந்து மாவட்டத்துக்குள்ளேயே மருத்துவர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். முறைப்படி கடிதம் கொடுத்துக் கேளுங்கள். வட்டார மருத்துவ அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிரந்தரமான மருத்துவமனையாக நடத்தப் போகிறீர்கள் என்றால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தல் சட்டம் 1997-இன்படி, மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

படி 4: பிடியரிசி முறையில் பணம்

நம் மாவட்டத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு வீடு வாங்கிய பிடியரிசியில் நடந்த பள்ளி. வியாபாரத்தில் மகமை எடுத்து வைத்துப் பொதுக்காரியம் செய்த ஊர்கள் இவை. பெரிய மனிதர் ஒருவர் கொடுக்கும் 50,000 ரூபாய் ஒரு முகாமோடு கரைந்துவிடும். நூறு வீடுகள் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் வரும் 5,000 ரூபாய் மாதம் தவறாமல் வரும். கொடுக்கும் வீட்டுக்கும் "இது எங்க ஆஸ்பத்திரி" என்ற எண்ணம் வரும்.

வரவு செலவைச் சுவரில் ஒட்டுங்கள். நோயாளி மாத்திரை வாங்குவதைப் படம் எடுக்காதீர்கள். நோய் அவருடைய சொந்த விஷயம்.

படி 5: ஐந்து மேசைகள்

1. பெயர் மேசை: பெயர், வயது, தெரு, தொலைபேசி எண், ஆலையில் செய்யும் வேலை. "பட்டாசு வேலை" என்று மட்டும் எழுதாதீர்கள். மருந்து கலப்பவரா, மணிமருந்து அடைப்பவரா, சரம் பின்னுபவரா என்று கேளுங்கள். எந்தப் பொடியைச் சுவாசிக்கிறார் என்பது மருத்துவருக்கு அதிலிருந்துதான் தெரியும்.

2. அளவு மேசை: எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை. ரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். விரலில் குத்துமுன் கை கழுவ ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருக்கட்டும்.

3. மருத்துவர் மேசை: நடுவில் ஒரு திரை கட்டாயம். மணிக்கு 12 பேருக்கு மேல் ஒரு மருத்துவரிடம் அனுப்பாதீர்கள்.

4. மருந்து மேசை: மருந்தாளுநர் இருக்க வேண்டும். காலாவதித் தேதியை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். காலை, இரவு என்பதை எழுதுவதோடு சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் புரியும்.

5. தொடர் மேசை: அட்டை இல்லாதவருக்கு விண்ணப்பம், மேல்சிகிச்சைக்குப் போகிறவருக்கு வழி. ஊரில் பொறுமைக்குப் பேர்போனவரை இங்கே உட்கார வையுங்கள்.

படி 6: ஒரு வார மாத்திரையால் பி.பி. தீராது

முகாமில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு வார மாத்திரை கொடுத்து அனுப்புவதில் பயனில்லை. வாரம் முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துவிட்டால் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அந்தப் பகுதித் தன்னார்வலரை முகாமுக்கே அழைத்து, அங்கேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் விலை குறைவு என்பதையும் சொல்லுங்கள்.

ஊசியையும் பஞ்சையும் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. மருத்துவக் கழிவு விதிகள் 2016 முகாம்களுக்கும் பொருந்தும். ஊசிகள் குத்தாத வெள்ளை டப்பாவுக்கும், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கும் போக வேண்டும். அவற்றை எடுத்துச்செல்ல அருகிலுள்ள மருத்துவமனையோடு முன்பே பேசி வையுங்கள்.

படி 7: மறுநாள் நோட்டுப் புத்தகம்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். கிராம முகாம்களில் கண்புரை இருப்பதைக் கண்டுபிடித்து, அறுவை சிகிச்சை இலவசம் என்று சொன்ன பிறகும் பலர் வரவில்லை. பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு ஆள் ஆகியவைதான் தடை என்று தெரிந்தது. முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துப் போய், சோறு போட்டு, சிகிச்சை முடித்து, திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கம் அப்படித்தான் வந்தது. 'இலவசம்' என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் அதுதான்.

அதே வேலையை நீங்கள் ஒரு 80 பக்க நோட்டில் செய்யலாம். ஆறு கட்டம் போடுங்கள்: பெயர், தெரு, என்ன தொல்லை, எங்கே போகச் சொன்னோம், யார் கூடப் போவார், முடிந்ததா? ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தால் ஆறாவது நிரம்பாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனைக்கு ஒருவர் கூடவே போக வேண்டும். காசநோய் என்று தெரிந்தால் மருந்து முழுவதும் அரசிடம் இலவசம். ஆனால் சாதாரணமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த ஆறு மாதமும் வாரம் ஒருமுறை அந்த வீட்டுப் படியேறுங்கள்.

படி 8: தீக்காயத்துக்கு ஊரைப் பழக்குங்கள்

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு முகாமிலும் பத்து நிமிடம் இதைச் செய்து காட்டுங்கள்: முதலில் ஆபத்தான இடத்தைவிட்டு விலகுதல், உடம்பில் ஒட்டிய பொடியைத் தட்டிவிடுதல், வளையல், மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றுதல், ஓடும் தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுதல், சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழைத்தல். பேனா மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். ஐஸ் வைக்கவும் கூடாது. ஒட்டிப்போன துணியைப் பிய்க்கக் கூடாது.

தொடங்குமுன் சரிபார்க்க

சிவப்பு மைப் பட்டியல் இருக்கிறதா? பெண் மருத்துவர் ஒப்புக்கொண்டாரா? திரை, சோப்பு, வெள்ளை டப்பா வாங்கியாயிற்றா? ஐந்தாவது கட்டத்தில் எழுத, கூடப் போகச் சம்மதித்த பத்துப் பேர் பெயராவது கையில் இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடியாவிட்டால் முகாமை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். பந்தலும் மைக்கும் காத்திருக்கலாம். நகக்கண்ணில் வெள்ளிக்கோட்டோடு வந்த அந்த அக்காவுக்கு நாங்கள் மாத்திரை கொடுத்தோம், சீட்டு கொடுத்தோம். கூடப் போக ஓர் ஆள் மட்டும் கொடுக்கவில்லை. நீங்கள் அந்த ஆளிலிருந்து தொடங்குங்கள்.