பகல் தூக்கத்துக்கும் கொசுவலை

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் விடியுமுன் கடலுக்குப் போனவர்கள் பகலில்தான் அசந்து தூங்குவார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பதும் பகலில்தான். ஐப்பசி மழைக்கு முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. பகலில் படுத்தாலும் கொசுவலை கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். தூளிக்கும் வலை போடுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கொசுவிரட்டிக் களிம்பு பூசக் கூடாது, வலைதான் காவல்.

2. மணலில் உட்கார்ந்து மீன்வலை பழுதுபார்க்கும்போது கணுக்காலிலும் களிம்பு பூசுங்கள். ஏடிஸ் பெரும்பாலும் காலைத்தான் தேடி வரும்.

3. தண்ணீர் டிரம்மைத் துணியால் இறுகக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும்.

4. உடைந்த ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். மழைநீர் தேங்காது.

5. காய்ச்சல்காரரை வலைக்குள் படுக்க வையுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகிறது.

6. டெங்கு இல்லையென்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் வேண்டாம். ரத்தக்கசிவு கூடும்.