இல்லத்துப் பவளத் தொட்டி: பேணும் முறையும் பேணுவோர் கடமையும்



நாம் சிறுவராயிருந்த காலத்தில் திருவிழாக் கடையொன்றில் இரண்டு பொன்மீன்களை வாங்கிவந்து கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தோம். நீர் சற்றே கலங்கியதைக் கண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்நீர் முழுவதையும் கொட்டினோம். அடியில் கிடந்த கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவிக் குழாய் நீரை நிரப்பினோம். மாலைக்குள் இரண்டு மீன்களும் இறந்து மிதந்தன. நன்மை செய்கின்றோம் என்னும் எண்ணமே நம்மிடம் இருந்தது; எனினும் அவை இறந்தது நம் கையால்தான்.

அயல்நாட்டில் பணியாற்றும் நம் சமூகத்து இளைஞர் ஒருவர் அண்மையில் எழுதிய மடல் இந்நிகழ்ச்சியை நினைவூட்டியது. தம் இல்லத்தில் ஆறடி நீளப் பவளத் தொட்டி ஒன்று அமைக்க விரும்புவதாகவும், அதனைப் பேணும் முறை யாது, அது நம் அறத்திற்கு ஒக்குமா என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை வேண்டுவதாகவும் அவர் எழுதியிருந்தார். முதல் வினாவை ஆராயாமல் இரண்டாவதற்கு விடை கூற இயலாது. ஆதலின் இரண்டையும் அம்முறையிலேயே இப்பாடத்தில் காண்போம்.

பவளம் என்பது யாது?

பவளப்பாறை கல்லைப்போல் தோன்றினும், அதன் மேற்பரப்பில் நுண்ணிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூட்டமாக வாழ்கின்றன. ஒவ்வொன்றும் சிறு குழாய் போன்ற உடலும், வாயும், அதனைச் சுற்றி உணர்கொம்புகளும் உடையது. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன் அடியில் கூடு கட்டுகிறது. அதன் உடலினுள் சூசாந்தெல்லா எனப்படும் ஒற்றையணுப் பாசி குடியிருக்கிறது. அப்பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்திற்கு அளிக்க, பவளம் அதற்கு இடமும் கழிவுச் சத்தும் தருகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இப்பாசியால் வருவதே. கோடையின் உச்ச வெப்பத்தினும் ஓரிரு பாகை மிகுந்த வெப்பம் சில வாரங்கள் நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றி வெளிறிவிடும்; அந்நிலை தொடரின் பட்டினியால் மடியும்.

நம் பழைய நூல்கள் பவளத்தை மண்ணுடல் உயிர்களின் வரிசையில் வைத்து எண்ணியுள்ளன. இன்றைய அறிவியல் அதனை விலங்கினமாக வகைப்படுத்துகிறது. எவ்வரிசையில் வைத்து எண்ணினும் அது உயிருடையது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

தொட்டியும் அதன் அளவும்

1961 ஆம் ஆண்டில் ஜகார்த்தாவைச் சார்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழ்களையும் மட்டும் கொண்டு பவளங்களைத் தொட்டியில் வாழவைத்த முறையை அமெரிக்க இதழொன்றில் எழுதினார். பின்னர் ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர், பவளம் கூடு கட்டச் சுண்ணாம்புத் தெளிநீர் அளிக்கும் முறையைப் பரப்பினார். இன்று மேலைநாடுகளில் பல இல்லங்களில் இத்தகைய தொட்டிகள் உள்ளன.

ஆறடி நீளமும் ஈரடி அகலமும் ஈரடி உயரமும் கொண்ட தொட்டி 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர் நீர் கொள்ளும். அவ்வளவு கடல்நீரின் எடை 700 கிலோவை ஒட்டும். கண்ணாடி, பாறை, மணல், தாங்கும் பீடம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். ஆகவே மாடியில் வைப்போர் தளத்தின் வலிமையை முன்னரே பொறியாளரிடம் கேட்டறிதல் வேண்டும்.

பெரிய தொட்டியே எளிது என்பது இத்துறையினர் கூற்று. நீர் மிகுதியாயின் வெப்பமும் உப்பும் நஞ்சும் விரைந்து ஏறா. தவறைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். எனினும் தொட்டி பெரிதாயின் அதனுள் அடைபடும் உயிர்களும் பலவாகும் என்பதை மறத்தல் ஆகாது.

முதல் ஆறு வாரங்கள்

மீனின் செவுள்கள் வழியாக அம்மோனியா வெளிப்படுகிறது. மிஞ்சிய உணவும் அழுகி அதனையே உண்டாக்குகிறது. சிறிதளவும் உயிர்க்கு நஞ்சாவது இப்பொருள். பாறையிலும் மணலிலும் குடிகொள்ளும் நுண்ணுயிர்களுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீனோ பவளமோ இடலாகாது. ஆசையால் அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே மீன்களை வாங்கி விடுவோரே மிகுதியான உயிர்களை இழக்கின்றனர்.

நம் பொன்மீன்கள் இறந்த காரணம் இப்போது விளங்கும். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவியபோது அவற்றைக் காத்துவந்த நுண்ணுயிர்களை நாம் அழித்தோம். குழாய் நீரில் இருந்த குளோரின் அவற்றின் செவுள்களைத் தாக்கியது. தூய்மை எனக் கருதியதே நஞ்சாயிற்று.

நாள்தோறும் செய்ய வேண்டுவன

1. உப்பின் அளவு: கடல்நீரில் ஆயிரம் பங்கிற்கு 35 பங்கு உப்பு உண்டு. தொட்டியின் நீர் நாள்தோறும் சில லிட்டர் ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்ததை ஈடு செய்ய வடிகட்டிய நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றின் உப்பு நாளுக்கு நாள் ஏறும்.

2. வெப்பம்: 25 முதல் 27 பாகை செல்சியசு வரை நிலையாக இருத்தல் நன்று. கோடையில் மின்விசிறியோ குளிரூட்டும் கருவியோ தேவைப்படும்.

3. சுண்ணாம்புச் சத்து: லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை கால்சியம் வேண்டும். நீரின் காரத்தன்மையையும் வாரந்தோறும் சோதித்தல் வேண்டும். பவளங்கள் வளர வளர இவ்விரண்டையும் உண்டு குறைத்துவிடும். இதற்கு வில்கென்ஸ் காட்டிய வழி, தூய சுண்ணாம்பை நன்னீரில் கரைத்துத் தெளியவைத்த நீரை இரவில் துளித்துளியாக விடுதல். இத்தெளிநீர் கடுங்காரம் உடையது. நேரமின்மையால் ஒருவர் அதனை ஒரே முறையாக ஊற்றிவிட்டால் தொட்டி முழுவதும் ஓரிரவில் மடிந்துவிடக்கூடும்.

4. கழிவு நீக்கம்: நீரோடு நுண்ணிய காற்றுக் குமிழ்களைக் கலந்து, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி உண்டு. அதன் கிண்ணத்தை அடிக்கடி கழுவ வேண்டும். இரு வாரங்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது வழக்கம். 680 லிட்டர் தொட்டிக்கு இது 68 லிட்டர். அதற்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கடலுப்புக் கலவை தேவை.

5. ஒளி: நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். புதிய விளக்கின் ஒளியைச் சிறிது சிறிதாகவே மிகுவிக்க வேண்டும். திடீரென மிகுந்த ஒளியும் பவளத்தை வெளிறச் செய்யும்.

இவை அனைத்திலும் குறித்த எண்ணை எட்டுவதினும் ஏற்றத்தாழ்வின்றி நிலைநிறுத்துவதே முதன்மையானது.

எதிர்பாராத இடர்கள்

மின்சாரம் நின்றால் நீரோட்டம் நிற்கும். நீரோட்டம் நின்ற சில மணி நேரத்தில் உயிர்வளி குறைந்து மீன்கள் திணறும். மின்கலத்தால் இயங்கும் காற்றுக் குழாய் ஒன்றை எப்போதும் ஆயத்தமாக வைத்தல் கடமையாகும்.

வெளியூர் செல்லுங்கால் அண்டை வீட்டாரிடம் உணவு டப்பாவை ஒப்படைத்துவிட்டுப் போதல் பெருந்தவறு. அன்பு மிகுதியால் அவர்கள் அள்ளியிடும் உணவு அழுகி நீரைக் கெடுக்கும். நாளுக்கு ஒரு பொட்டலமாக மடித்து வைத்துச் செல்ல வேண்டும்.

பேணுவோர்க்கும் இடர் உண்டு. மெத்தென்ற பொத்தான் பவளங்களுள் சில, பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உடையவை. கையுறையின்றி அவற்றைத் தொடலாகாது. அவை ஒட்டிய பாறையை அடுப்பில் கொதிக்க வைத்தவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அந்நீராவியால் மருத்துவமனை சேர்ந்த நிகழ்ச்சிகள் உண்டு.

உயிர்களின் வருகை

கடைகளில் விற்கும் மீன்கள் பல கடலில் பிடிக்கப்பட்டவை. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960 ஆம் ஆண்டுகள் தொடங்கிப் பாறை இடுக்குகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. பிடிபடும் மீனோடு அங்குள்ள பவளமும் பிற உயிர்களும் அந்நஞ்சால் கெடுகின்றன. வண்ணம் மிகுந்த மாண்டரின் மீன், பாறையில் ஊரும் நுண்ணிய ஓட்டுயிர்களையன்றிப் பெரும்பாலும் வேறு உணவை ஏற்பதில்லை. பல இல்லங்களில் பட்டினி கிடந்தே இறக்கிறது. உள்ளங்கை அளவில் வாங்கும் நீலவண்ண டாங் மீன் ஓரடி நீளம் வரை வளரக்கூடியது.

கோமாளி மீன் போன்ற சில இனங்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கின்றனர். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலும் இம்முறை வெற்றி பெற்றுள்ளது. எனினும் பவளத் தொட்டி மீன்களுள் பலவற்றிற்கு உறைந்த இறால் முதலிய ஊனுணவே இடப்படுகிறது என்பதையும், பாறையில் பெருகும் வேண்டா உயிர்களை ஊசியால் மருந்து செலுத்திக் கொல்வது அங்கு அன்றாடப் பணி என்பதையும் மறைத்தல் முறையன்று.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் கல் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள் முதலியன 2001 ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுத்தலும் விற்றலும் தண்டனைக்குரிய குற்றம். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்பிற்காகப் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்ததால் அவற்றுள் இரண்டு தீவுகள் கடலில் மூழ்கின. ஆகவே தமிழகத்தில் வாழும் நம் இல்லத்தார்க்குப் பவளத் தொட்டி என்னும் பேச்சிற்கே இடமில்லை.

இரண்டாவது வினா

இனி மடல் எழுதிய இளைஞரின் இரண்டாவது வினாவிற்கு வருவோம். பேச்சு வழக்கில் சிறப்பைக் குறிக்கும் ‘பிரமாதம்’ என்னும் சொல், நூல் வழக்கில் விழிப்பின்மையைக் குறிக்கும். இம்சைக்கு இலக்கணம் வகுக்கும் தத்துவார்த்த சூத்திரம் இப்பிரமாதத்தையே அதன் வேராகக் காட்டுகிறது. மேலே கண்ட இடர்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவசரம், சோம்பல், மறதி, அறியாமை ஆகியவற்றாலேயே தொட்டியில் உயிர்கள் மடிகின்றன. வெறுப்பால் மடிந்தது ஒன்றும் இல்லை.

அகிம்சை அணுவிரதத்திற்குக் கூறப்பட்ட அதிசாரங்கள் ஐந்து: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கடலில் திரிந்த மீனைக் கண்ணாடிக்குள் அடைத்தல் முதலாவதன்றோ? விற்பனைக்காகப் பவளக் கிளையை நறுக்குதல் மூன்றாவதை ஒத்ததன்றோ? ஏற்ற உணவறியாது மாண்டரின் மீனைப் பட்டினியிடுதல் ஐந்தாவதன்றோ? ஆதலின், கண்ணுக்கு இனிமை வேண்டிப் புதிதாக ஒரு தொட்டி அமைத்தல் விரதம் பேணும் இல்லறத்தார்க்கு உகந்ததன்று என்பதே நம் விடை.

ஆனால், ‘தொட்டி ஏற்கெனவே இல்லத்தில் உள்ளதே! அவ்வுயிர்களைக் கடலில் விட்டு விடலாமா?’ எனச் சிலர் வினவலாம். கூண்டுப் பறவையை விடுவித்தலை ஒப்ப இதனை எண்ணிவிடலாகாது. இந்திய, பசிபிக் கடல்களுக்கு உரிய சிங்கமீன் 1985 இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் காணப்பட்டது. வளர்ப்போர் தொட்டியிலிருந்து விட்ட மீன்களே இதற்குக் காரணம் எனக் கருதுகின்றனர். இன்று அது கரிபியக் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறுமீன்களை எண்ணின்றி உண்டு வருகிறது. ஓருயிர்க்குக் காட்டிய கருணை ஓராயிரம் உயிர்க்குக் கேடாயிற்று.

ஆகவே தொட்டி உடையோர் புதிய உயிர்களை வாங்குவதை நிறுத்துதல் வேண்டும். உள்ளவற்றை அவற்றின் ஆயுள் முடியுமளவும் மேற்கூறிய முறைப்படி விழிப்புடன் பேணுதல் வேண்டும். கோமாளி மீன் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வதுண்டு. இயலாதோர், பேணும் ஆற்றலும் அனுபவமும் உடைய ஒருவரிடம் ஒப்படைக்கலாம். மடல் எழுதிய அன்பர்க்கும் இதனையே எழுதினோம். தம் ஊரில் இடம்பெயர்ந்து செல்லும் ஒருவர் கைவிடவிருந்த தொட்டியைத் தாம் ஏற்றுப் பேணி வருவதாகவும், இனி உயிர் எதனையும் விலைக்கு வாங்குவதில்லை என உறுதி பூண்டதாகவும் அவர் மறுமொழி விடுத்துள்ளார். ஒவ்வொரு நாளும் காலையில் உப்பளவைக் குறித்து வைக்கும் ஏடு ஒன்றும் வைத்துள்ளாராம். அவ்வேடு நம் கைக்குக் கிடைக்காமற் போனதே என அப்பொன்மீன்களை நினைத்து வருந்துகின்றோம்.

பயிற்சி வினாக்கள்

1. புதிய தொட்டியில் ஆறு வாரங்கள் வரை உயிர்களை இடலாகாது என்பது ஏன்?
2. ஆவியான நீருக்கு ஈடாக உப்புநீர் ஊற்றினால் விளையும் தீங்கு யாது?
3. வளர்ப்பு மீன்களை அயற்கடலில் விடுதல் ஜீவகாருண்யம் ஆகாமை எங்ஙனம்?
4. உங்கள் இல்லத்தில் பிரமாதத்தால் உயிர்க்குத் தீங்கு நேரக்கூடிய செயல்கள் மூன்றனைக் குறித்து, அவற்றைத் தவிர்க்கும் வழியைக் குடும்பத்தாரோடு ஆராய்க.