திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

கேள்வி: இணையதள வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். பயனர் அனுபவக் கருத்தரங்குகளுக்குப் போவதால் பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. மேடைப் பேச்சு இருக்கட்டும், பயனர் சோதனை நடக்கும் அறையில் போய் உட்காருங்கள். அப்படி ஓர் அறையில் பார்வையற்ற ஒருவர் பஸ் டிக்கெட் எடுக்க முயன்றார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. கடைசியில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்பது போன்ற விதிகளை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கை விலகியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மே மாதம் மூன்றாவது வியாழன் உலக அணுகல்தன்மை விழிப்புணர்வு நாள். அதையொட்டி நடக்கும் கூட்டங்களைத் தேடுங்கள். போவதற்கு முன், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரைக் கணினியில் ஏற்றி, நீங்கள் செய்த தளத்தையே திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தடுமாறிய இடங்களைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.