மலையில்லாத ஊரில் ஏற்றம்

அன்புள்ள தம்பி,

உமது கடிதமும் படங்களும் கிடைத்தன. கோயிட்-அ-பிரெனின் காட்டுக்குள் முழங்கால் வரை சேறு தெறித்து நிற்கும் படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பிரித்தானியாவில் மலைச் சைக்கிளுக்கென்றே தடம் வெட்டிய முதல் காடு அது. வேல்ஸுக்குப் போன பிள்ளை அதைப் பார்க்காமல் வந்தால்தான் குறை. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்: "எங்கட தீவுகளில மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை, சைக்கிளில போய்ப் பார்க்க என்ன இருக்கு?" மற்றவை எல்லாவற்றுக்கும் பிறகு பதில் எழுதலாம். இந்த வரிக்கு இப்போதே எழுத வேண்டும்.

உம்மிடம் மட்டும் உள்ள பிழை இல்லை இது. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் பலரும் யாழ்ப்பாணத் தீவகத்தைத் தட்டைத்தரை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வான் பிடித்துக் குறிகட்டுவானுக்குப் போய், நயினாதீவில் அம்மனைக் கும்பிட்டு, அதே வானில் திரும்பி, தீவுகளைப் பார்த்தாயிற்று என்கிறார்கள். கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் இருந்தவருக்குத் தீவகத்தின் ஏற்றம் எது, இறக்கம் எது என்று எப்படித் தெரியும்? தீவகத்தில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்குவது காற்று.

கணக்காகவே பாரும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பது உமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எதிரே அடிக்கும் ஒரு மதியம், நீர் 15 கிலோமீற்றர் வேகத்தில் உழக்குகிறீர் என்று வையும். உடம்பு சந்திக்கும் காற்று 40 கிலோமீற்றர் வேகம். காற்றில்லாத நாளோடு பார்த்தால் தடை ஏழு மடங்கு. நிமிர்ந்திருந்து ஓட்டும் ஒருவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று கொண்டால், அந்த மேலதிகத் தடை ஏறத்தாழ 22 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் சரிவில் ஏறுவதற்குச் சமம். அதாவது தீவுகளை இணைக்கும் தாம்போதியின் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் உமது கால்கள் 45 மீற்றர் உயரம் ஏறுகின்றன. கண்ணுக்குத் தெரிவது மட்டமான தார் வீதியும் இரண்டு பக்கமும் கடலுந்தான். வேல்ஸ் மலைக்கு உச்சி என்று ஒன்று உண்டு. அதன் மறுபக்கம் இறக்கம். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான வாணர் தாம்போதியில், சோளகத்துக்கு முகம் கொடுத்துப் போகிறவருக்கு உச்சியும் இல்லை, ஒதுங்க ஒரு பனை மர நிழலும் இல்லை.

இதை ஒல்லாந்துக்காரர் விளங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் மலை இல்லை. 2013 இல் எதிர்க்காற்றுச் சைக்கிள் ஓட்டத்துக்கென்றே ஒரு தேசியப் போட்டியைத் தொடங்கினார்கள். சீலாந்து மாகாணத்தில் கடலைத் தடுத்துக் கட்டிய ஊஸ்டர்ஸ்கெல்டே அணையின் மேல் எட்டரைக் கிலோமீற்றர். கியர் மாற்ற வழியில்லாத, நிமிர்ந்திருந்து ஓட்டும் சாதாரணச் சைக்கிள்தான் எல்லோருக்கும். நாளை முன்கூட்டிக் குறிப்பதில்லை. புயல் வருகிறது என்று வானிலை அறிக்கை சொன்ன பிறகே அறிவிக்கிறார்கள். காற்று பலமாக இல்லாவிட்டால் அந்த வருடம் போட்டியே இல்லை. அந்தச் சீலாந்தின் தலைநகர் மிடில்பேர்க். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள்: வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம், இன்று காரைநகர் எனப்படும் காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம், நெடுந்தீவுக்கு டெல்வ்ற். புங்குடுதீவுக்கு அவர்கள் வைத்த பெயர் மிடில்பேர்க். டெல்வ்ற் என்பதைத் தவிர மற்றப் பெயர்கள் வரைபடத்தோடு போயின. காற்றை எதிர்த்து உழக்குவது ஒரு வீரம் என்று அங்கே பதக்கம் கொடுக்கிறார்கள். இங்கே அதே வேலையை மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு வருகிறவர் செய்கிறார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் செய்கிறார்கள். அதைச் சைக்கிள் ஓட்டம் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. இதுதான் எனக்குப் பொறுக்காத விடயம்.

நீர் இருக்கிற வேல்ஸிலேயே ஒரு சான்று இருக்கிறது. டொல்கெத்லி என்ற ஊரிலிருந்து பார்மத் கடற்கரைக்குப் போகும் மவ்தாக் தடத்தில் ஓட்டிப் பாரும். ஏறக்குறைய 15 கிலோமீற்றர். 1965 இல் மூடப்பட்ட ரயில் பாதையின் மேல் போட்டது, ஆகவே மட்டமான பாதை. கழிமுகத்தை ஒட்டியே போய், 1867 இல் திறந்த நீண்ட மரப்பாலத்தில் நீரைக் கடக்கிறது. சுற்றிவர எரிரி மலைகள் நிற்க, சனங்கள் அந்த மட்டமான பாதையைத் தேடி வருகிறார்கள். கழியும் பாலமும் எதிர்க்காற்றும் சேர்ந்த பயணத்துக்கு உலகில் எங்கும் மதிப்பு உண்டு.

நம்மவர் இதை ஈராயிரம் வருடத்துக்கு முன்னரே அறிந்தவர்கள். குறிஞ்சிக்கு ஒரு படி மேல், நெய்தலுக்கு ஒரு படி கீழ் என்று எந்தத் தமிழ்ப் புலவரும் வைக்கவில்லை. நெய்தல் பாட்டுகளில் தலைவனின் தேர் கழிக்கரை வழியாக வரும். ஈர மணலில் சக்கரம் பதியும். நண்டுகள் சக்கரத்துக்கு விலகி ஓடும். சக்கரத்தில் கடற்கரையைக் கடக்கும் இன்பம் தமிழ்க் கவிதைக்குப் பழகிய இன்பம். சங்கப் பாட்டில் நிலம் என்ன வேலை செய்கிறது என்று விரிவாக ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதிய தனிநாயகம் அடிகள் 1913 இல் பிறந்தது எங்கே? ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொன்னில். அந்த நூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டு எடும். வாசித்தபின் "பார்க்க என்ன இருக்கு" என்று எழுதமாட்டீர். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 1995 இல் வெளியிட்ட தொகுப்புக்குப் பெயர் 'காற்றுவழிக் கிராமம்'. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவுகள் சனமில்லாமல் வெறுமையான துயரத்திலிருந்து எழுந்தது. அதையும் வாசியும். வீதியோரத்தில் கூரையில்லாமல், முற்றத்தில் ஆலும் வேம்பும் முளைத்து நிற்கும் வீடுகளை வானில் போகிறவர்கள் படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். சைக்கிளில் போகிறவர் ஒவ்வொன்றின் படலையையும் தாண்டித்தான் போக வேண்டும்.

இனி வழி.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி. விடியற்காலை போகவேண்டும். மாசி, பங்குனி என்றால் ஆழமில்லாத கடலில் பூநாரைகள் நிற்கும். களங்கட்டி வலைகளின் தடிகளில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காயும். இங்கே ஒன்றைக் கவனியும். காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது பெரிய பஸ் ஒன்று உம்மைக் கடந்தால், ஒரு கணம் காற்று நின்றுவிடும். அதுவரை காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த சைக்கிள் பஸ் பக்கம் இழுபடும். பஸ் போன மறுகணம் காற்று திரும்ப அடித்து ஓரத்துக்குத் தள்ளும். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தவர்தான் விழுவார். முழங்கையைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். மலைத்தடத்தில் வேர்களின் மேல் இறங்கும்போது உமக்குச் சொல்லித் தந்திருப்பதும் இதுதான்.

பண்ணை தாண்டினால் அல்லைப்பிட்டி, மண்கும்பான். மணற் திட்டிகள் தொடங்கும். மழைநீரைப் பிடித்து வைத்திருப்பவை இவைதான். சாட்டிப் பக்கத்துக் கிணறுகளில் கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பது இந்த மணலால்தான். மணலை லொறியில் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் தீவின் குடிதண்ணீரை அள்ளிக்கொண்டு போகிறார்கள். திட்டியின் மேல் சைக்கிளை ஏற்றித் தடம் கிழிப்பதும் கூடாது. அங்கே இறங்கி நடவும்.

வேலணையில் பாதை பிரியும். வடமேற்கே போனால் நாரந்தனை, கரம்பொன், ஊர்காவற்றுறை. அங்கே பாதையில் ஏற வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் காரைநகர்க் கரைக்குக் கொண்டுபோகும் மிதவை. கடலுக்கு நடுவே போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டை தெரியும். காரைநகரில் கசூரினா கடற்கரை, பிறகு பொன்னாலைத் தாம்போதி, வட்டுக்கோட்டை, திரும்ப யாழ்ப்பாணம். ஒரு நாளைக்கு அழகான வட்டம்.

வேலணையில் தென்மேற்கே திரும்பினால் வாணர் தாம்போதி, புங்குடுதீவு, அதன் முடிவில் குறிகட்டுவான் துறை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இந்த வழியில்தான் பலரும் காற்றிடம் ஏமாறுகிறார்கள். வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். கால் நோகாது. என்ன வேகம், என்ன பலம் என்று தன்னை மெச்சிக்கொண்டு குறிகட்டுவான் வந்துவிடுவார்கள். பின்னேரம், களைத்த உடம்போடு, அதே காற்றுக்கு முகம் கொடுத்து முழுத் தூரமும் திரும்ப வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரையான சோளகத்தில் இதற்கு எதிர்மாறு: போகும்போது பாடு, வரும்போது சுகம். வீதிக்குச் சோளகம் நல்லது. ஆனால் நெடுந்தீவுக் கடல் அப்போது கொந்தளிக்கும். இரண்டு காற்றும் ஓய்ந்து கிடக்கும் மாசி, பங்குனிதான் முதல்முறை வருகிறவருக்கு ஏற்ற காலம்.

நயினாதீவு சிறிய தீவு. சைக்கிளைக் குறிகட்டுவானில் பூட்டிவிட்டுப் படகேறி, நடந்தே பார்க்கலாம். நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைக் கேட்டுப் பாரும். இன்றைய ஊர்காவற்றுறையான ஊராத்துறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அரச ஆணை அது. ஆனையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் ஆளுக்குப் பாதி. குதிரை கொண்டுவருகிறவனுக்கு அரசன் காட்டிய சலுகையைக் கவனியும். இந்தக் கடலில் குதிரை வணிகம் எவ்வளவு பழையது என்பதற்கு அந்தக் கல் சாட்சி.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். 1985 வைகாசி 15 இல் குமுதினிப் படகில் பயணம் செய்தவர்களை ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் வெட்டிக் கொன்றது இந்தக் கடற்பாதையில்தான். ஏறும்போது அதை நினைத்துக்கொள்ளும்.

உமது மலைச் சைக்கிளுக்கு உரிய தீவு நெடுந்தீவு. பந்தயச் சைக்கிளின் மெல்லிய ரயர் இங்கே உதவாது. ஒழுங்கைகளில் முருகைக்கல் உடைசலும் மணலும் மாறி மாறி வரும். நெருஞ்சியும் உடைமுள்ளும் காத்திருக்கும். இரண்டங்குல ரயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, ஒட்டுப் போடும் சாமானையும் பம்பையும் கொண்டுபோம். வேலி எல்லாம் முருகைக்கல். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. கல்லின் மேல் கல் வைத்த அடுக்கு. கிட்டப்போய்ப் பாரும்: ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சி கட்டிய கண்ணறைகள், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி. காற்று அதற்குள்ளால் போய் வலுக்குறைந்து மறுபக்கம் வரும். பூசி அடைத்த மதில் காற்றை முழுதாகத் தாங்க வேண்டியிருக்கும். இந்த வேலி காற்றை வடிகட்டி நிற்கிறது. வேல்ஸ் மலைகளில் ஆட்டுப் பட்டிகளுக்கும் இப்படியே சாந்தில்லாமல் கல் அடுக்குகிறார்கள். அடுத்த முறை இறங்கிப் பார்த்து ஒரு படம் அனுப்பும்.

இந்த வேலிகளுக்கு இடையே ஓட்டும்போது காற்றுத் தெரியாது. கடற்கரைக் கோட்டையின் இடிபாடு, புறாக்கூட்டுக் கோபுரம், அடிமரப் பொந்துக்குள் ஆள் நுழையக்கூடிய ஆபிரிக்கப் பெருக்கமரம் எல்லாவற்றையும் சுகமாகப் பார்க்கலாம். தெற்கே வேலிகள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் காற்று ஒரேயடியாக வந்து மோதும். குதிரைகள் நிற்பது அங்கேதான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் கால வளர்ப்புக் குதிரைகளின் வழியில் வந்தவை. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே தங்கிக் குதிரைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். இப்போது குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கோடையில் தண்ணீருக்கு அலைந்து சாகின்றன. படத்துக்காக மந்தையைத் துரத்தி ஓட வைப்பவர்கள் இருக்கிறார்கள். குட்டி பின்தங்கிப் போகும், பால் கொடுக்கிற தாய் களைத்து விழும். சைக்கிளை நிலத்தில் படுத்திவிட்டுத் தூரத்தில் இரும். அவையே கிட்ட வரும்.

ஒரே நாளில் எல்லாத் தீவையும் பார்க்கும் திட்டத்தோடு வரவேண்டாம். வட்டத்துக்கு ஒரு நாள், நெடுந்தீவுக்கு ஓரிரவு தங்கி இரண்டு நாள். ஒவ்வொரு பின்னேரமும் செயினையும் கியரையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடும். தாம்போதி உப்பு ஒரே இரவில் கறள் பிடிக்க வைக்கும். தைப்பொங்கல் முடிந்ததும் பயணச்சீட்டுப் போடும். உமது சைக்கிளைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவரும், இங்கே அந்த ரயர் கிடைப்பது கடினம்.

அன்புடன்,
உமது பழைய ஆசிரியர்