தாத்தாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பேத்திக்கு



தாத்தாவின் நினைவு மலருக்காக நீ எழுதிய கட்டுரை வந்து சேர்ந்தது. கூடவே எழுதியிருந்த கேள்விதான் என்னை விடவில்லை. "ஆச்சிக்கு ஒரு வரி போதுமா ஐயா? மலர் தாத்தாவுக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறாய். போதாது. ஏன் போதாது என்பதை விளக்கப் போய்த்தான் கடிதம் நீண்டுவிட்டது.

'பக்தியுள்ள கணவர்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறாய். யாருக்குக் கணவர்? அந்த அம்மாளின் பெயர் கட்டுரையில் எங்குமே இல்லை. 'அன்னாரின் பணிகளுக்கு அவர்தம் துணைவியார் உறுதுணையாக விளங்கினார்' என்ற ஒற்றை வரியோடு ஆச்சியின் கதை முடிந்துவிடுகிறது. நம் பக்கத்து நினைவு மலர்கள் எல்லாவற்றிலும் இந்த வரி உண்டு. ஆள் மாறுவார், சபை மாறும், வரி மட்டும் மாறாது. அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கும்போது சபையார் விசிறியைத் தேடுவதற்கு வெயில் மட்டும் காரணம் என்று நினைக்காதே. ஒருவர் நல்ல கணவராக இருந்தாரா என்று சாட்சி சொல்லத் தகுதி உள்ளவர் அவர் மனைவிதான். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நீ தீர்ப்பு எழுதியிருக்கிறாய்.

இதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மனைவியின் பெயர் எத்தனை வினைச்சொற்களுக்கு எழுவாயாக நிற்கிறது என்று எண்ணிப் பார். 'உறுதுணையாக விளங்கினார்' கணக்கில் சேராது. விளங்குவது ஒரு வேலையா?

கால்டுவெல்லை எடுத்துக்கொள். ஒப்பிலக்கணம், மெரினா சிலை எல்லாம் உனக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம். அவருக்குக் குடும்பம் இருந்தது தெரியுமா? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் அவர் மணமாகாதவர் என்பார்கள். வீரமாமுனிவரையும் அவரையும் ஒரே பாடத்தில் படித்த குழப்பம்! கத்தோலிக்கக் குருவையும் ஆங்கிலிக்கன் பேராயரையும் பிரித்தறியாமல் தமிழ் முதுகலை முடித்து வெளியே வருகிறார்கள். போகட்டும்.

கால்டுவெல் 1844-ல் எலைசா மால்ட்டை மணந்தார். எலைசா, நாகர்கோவிலில் லண்டன் மிஷன் ஊழியராக இருந்த சார்லஸ் மால்ட்டின் மகள். கால்டுவெல் 1838-ல் சென்னையில் வந்திறங்கியபின் உட்கார்ந்து கற்ற மொழி தமிழ். எலைசாவுக்கு அது சிறுவயது முதலே காதில் விழுந்த மொழி. கால்டுவெல் ஊழியம் செய்த இடையன்குடியின் வீடுகளில் அடுப்படி வரை போய்ப் பெண்களிடம் பேச முடிந்தவர் யார் என்று நீயே யோசித்துப் பார். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். தாயார் மார்த்தா நாகர்கோவிலில் தொடங்கிவைத்த லேஸ் பின்னலை இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இடையன்குடி தேரிக்காட்டு ஊர். பனையேற்று பருவத் தொழில், பதநீர் ஓய்ந்தால் வருமானமும் ஓயும். வீட்டில் இருந்தபடியே ஒரு பெண் காசு பார்க்க அங்கே வேறு என்ன வழி இருந்திருக்கும்? பேசினார், நடத்தினார், கற்றுக்கொடுத்தார் என்று வினைச்சொற்கள் எவ்வளவு எளிதாக வந்து விழுகின்றன, பார்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். 1847-ல் தொடங்கிய இடையன்குடிக் கோயில் கட்டட வேலை 1880 வரை இழுத்தது. அந்த வேலைக்கு நடுவே, சபையையும் பள்ளிகளையும் சுற்றுக்கிராமங்களையும் கவனித்துக்கொண்டு, 1856-ல் அந்த மனிதர் அவ்வளவு பெரிய இலக்கண நூலை வெளியிட்டார். அந்த வீட்டில் இன்னொருவர் பாதிப் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டிராவிட்டால் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கைப்பிரதியாகவே கிடந்திருக்கும் என்பது என் துணிபு. மிகைப்படுத்துகிறேன் என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். அவர் ஒரு நாளும் அடுப்பு பற்றவைத்தவரல்லர்.

கால்டுவெல்லின் நினைவுக்குறிப்புகளை 1894-ல் தொகுத்து வெளியிட்டவர் மருமகன் வயட். நீ செய்யப்போகிற வேலையும் அதே வகைதான் என்பதால் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படி. சென்னையிலிருந்து நீலகிரி வழியாக நடந்தே தெற்கே வந்த பயணத்தைக் கால்டுவெல்லே சொல்லும் பகுதியை நான் அவ்வப்போது எடுத்துப் படிப்பதுண்டு. 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தவரை அவ்வளவு தூரம் கீழே கொண்டுவந்து இடையன்குடிக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 1899-ல் எலைசாவையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். இடையன்குடிக்குப் போய்வந்தவர்களிடம் இந்த இரண்டாவது பெயரைக் கேட்டுப் பார், பெரும்பாலோர் விழிப்பார்கள்.

அதே கால்டுவெல் 1849-ல் ஒரு சிறுநூல் அச்சிட்டு, தாம் ஊழியம் செய்த நாடார் மக்களையே புண்படுத்தினார். எதிர்ப்பு பல ஆண்டுகள் ஓயவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் தாத்தா கோபக்காரர். சேகரக் கமிட்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். வரவுசெலவுக் கணக்கு வாசிக்கும் நாளில் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். உன் கட்டுரையிலோ அவர் 'சாந்தமே உருவானவர்'. அந்தச் சபையில் அதை நம்பும் ஒருவரைக் காட்டு பார்ப்போம். கோபத்தை எழுது. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால்கூட அந்த மனிதருக்கு ஏன் பொறுக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுது. அப்போதுதான் அவருடைய ஜெபத்துக்கும் எடை வரும்.

ஆச்சியை எழுதினால் பக்தி குறைந்துவிடுமோ என்று உன் சித்தப்பா பயப்படுவதாக எழுதியிருக்கிறாய். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டு. இளைஞனின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வரும்போது பவுல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லித்தான் நினைக்கிறார். அங்கே தாத்தா பேச்சே இல்லை. பவுலைவிடப் பெரிய வேதசாஸ்திரியா உன் சித்தப்பா?

சரி, ஆதாரம். சபைப் பதிவேடுகளுக்குப் போ. திருமணப் பதிவேட்டை முதலில் பார்க்கத் தோன்றும், ஆனால் அங்கே ஒரு குறை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்த படிவத்தில் மணமக்களின் வயது, தொழில், இருப்பிடம், தகப்பன் பெயர் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, தாயின் பெயருக்குக் கிடையாது. எனவே ஆச்சியின் தாயார் யார் என்று அறிய ஆச்சி பிறந்த ஊர்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அதில் பெற்றோர் இருவர் பெயரும் இருக்கும். திருமணப் பதிவேட்டையும் விட்டுவிடாதே. மணமகள் கையெழுத்துப் போட்டாரா, கைநாட்டு வைத்தாரா, சாட்சிகள் யார் யார், மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து நடந்த கல்யாணமா, லைசென்சு எடுத்து நடந்ததா எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கும். பதிவேடு என்றால் எனக்குப் பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பட்டியல்தான் ஞாபகம் வரும். நாற்பது பேர் கொண்ட அந்தப் பட்டியல் ஒரு பெண்ணின் பெயரில், கிளாரிந்தாவின் பெயரில் தொடங்குகிறது. அவர் எழுப்பிய கோயில் இன்றும் இருக்கிறது. பட்டியலைத் தம் மிஷன் வரலாற்றில் அச்சேற்றியவரும் கால்டுவெல்தான். பார், பேச்சு மறுபடி அவரிடமே போய்விட்டது.

வீட்டு வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளைப் பார். பிள்ளைகள் பிறந்த தேதியும் நேரமும் எழுதியிருக்கும். அது யாருடைய கையெழுத்து என்று கேள். பழைய காணிக்கை ரசீதுகள் தாத்தாவின் பெட்டியில் கிடக்கும். அவரவர் பெயருக்கு எழுதிய ரசீது இருக்கும். ஆனால் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொடுத்த அரிசிக்கு ரசீது கிடையாது. அதை ஆச்சியிடம்தான் கேட்க வேண்டும்.

ஆச்சியிடம் இன்னும் நீ கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். ஊரெல்லாம் போன் போட்டு, பெருமன்றத்துப் பழைய உறுப்பினர்களிடமெல்லாம் பாராட்டுரை வாங்கியிருக்கிறாய். உன் வீட்டு அடுத்த அறையில் இருப்பவரை மறந்துவிட்டாய். போய்க் கேள். 'தாத்தா எப்படிப்பட்டவர்?' என்று மட்டும் கேட்டுவிடாதே. 'நல்ல மனுஷன்' என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். சம்பளக் கவரை யார் கையில் கொடுப்பார், தசமபாகத்தை முதலில் எடுத்துவைப்பது யார், பிள்ளைகளின் பீஸுக்குக் குறைந்தபோது என்ன செய்தீர்கள், குடும்ப ஜெபத்துக்கு யார் யாரை எழுப்புவது, சண்டை போட்டுவிட்டு நற்கருணைக்குப் போன ஞாயிறு உண்டா என்று கேள். கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேள். போனில் பதிவு செய்யாதே, பேச்சு நின்றுவிடும். நோட்டில் குறித்துக்கொள்.

பதிவேடு பார்க்கச் சேகரகுருவானவருக்கு முதலிலேயே எழுதிக் கேட்டுக்கொள். உத்தேசமாக ஆண்டையும் குறிப்பிடு. ஆண்டு தெரியாமல் போய் நின்றால் கட்டுக்கட்டாகப் புரட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. பெயர்களை இன்றைய வழக்குக்கு மாற்றாமல் பதிவேட்டில் உள்ள எழுத்துப்படியே எழுதிக்கொள். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் திருத்திய படியை எனக்கு அனுப்பு. உன் சித்தப்பாவுக்கு அதற்குப் பிறகு அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உன் தாத்தாவின் பழைய கமிட்டித் தோழன்