ஏரியை அளக்கும் வகுப்பு

ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர் என்று மாணவர்கள் தயங்காமல் சொல்வார்கள். அது எவ்வளவு இடம் என்று கேட்டால் விழிப்பார்கள். ஏக்கர் என்றாலாவது வீட்டில் கேட்டுப் பழக்கம் உண்டு.

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரியை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட இப்பறவைகள் சரணாலயத்தின் பரப்பு சுமார் 454 ஹெக்டேர். கூகுள் எர்த் ப்ரோ 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் அதைத் திறந்து, அளவுகோல் கருவியில் பலகோணத்தைத் தேர்ந்தெடுத்து, அலகை ஹெக்டேராக மாற்றி, கரையோரமாகச் சொடுக்கிக்கொண்டே வந்தால் பரப்பு தெரியும். குழுவுக்கு ஒரு விடை வரும், பதற வேண்டாம். கரை எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று அவர்கள் வாதிடுவதுதான் இந்த வகுப்பின் சுவையான பகுதி.

அடுத்து, கடிகாரக் குறியை அழுத்திப் பழைய படங்களுக்குச் செல்லுங்கள். நீர் சுருங்கிய படத்தைக் கண்டதும், "ஏரி அழிஞ்சு போச்சு சார்" என்று யாராவது சொல்லக்கூடும். உடனே திருத்தாதீர்கள். படத்தின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் எடுத்ததா, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்ததா? ஒரே பருவத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும் என்பது அங்கே அவர்களுக்கே விளங்கும். எட்டாம் வகுப்புக்கு மேல் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

இணைய வேகம் குறைந்த பள்ளிகளில், முதல் நாளே படங்களை அளவுகோலுடன் சேமித்து அச்சிட்டு, கட்டத்தாளில் வரைந்து கட்டங்களை எண்ணலாம். என் கணிப்பில், பரப்பளவு இதில்தான் இன்னும் நன்றாகப் பதியும். பெரம்பலூர் ஆசிரியர்கள் ரஞ்சன்குடிக் கோட்டை மதிலின் சுற்றளவிலிருந்து தொடங்கலாம்.