துயரைக் கடந்தவரே துணை: உளநெருக்கடியில் அனுபவத் துணைவரின் பணி

உடலுக்கு நோய் வருவது போலவே உள்ளத்துக்கும் நோய் வரும். காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்க அயலவர் வருவார்கள். தோடம்பழமும் இளநீரும் கொண்டுவந்து, அருகில் இருந்து கதைத்துவிட்டுப் போவார்கள். உள்ளம் நோயுற்றவரின் வீட்டுப் படலையைத் திறப்பவர்களோ மிகச் சிலர். 'விசர்' என்ற ஒரே சொல்லால் அந்த வீடு ஊரிலிருந்து ஒதுக்கப்பட்டு விடுகிறது. நோயோடு தனிமையும் சேரும்போது துன்பம் இருமடங்காகிறது.

இத்தனிமையைப் போக்குவதற்கு இன்று பல நாடுகளில் கைக்கொள்ளப்படும் வழியொன்று உண்டு. ஒரு காலத்தில் தாமே உளநோயால் வருந்தி, அதிலிருந்து மீண்டு, அதற்கெனப் பயிற்சியும் பெற்ற ஒருவர், அதே நிலையில் இன்று தவிக்கும் இன்னொருவருக்குத் துணையாக வருவதே அவ்வழியாகும். இத்தகையவரை 'அனுபவத் துணைவர்' எனலாம். அவரது பணி யாது, அதனால் விளையும் பயன் யாது, அதன் எல்லை யாது என்பன ஒவ்வொரு கிராமமும் அறிந்திருக்க வேண்டியவை.

உளநெருக்கடி என்பது யாது?

கவலையும் சோர்வும் எல்லோருக்கும் உண்டு. அவை அளவு கடந்து, ஒருவர் தம்மைத் தாமே தாங்க முடியாத நிலையை அடைவதே உளநெருக்கடி. பல நாட்கள் நித்திரை இல்லாமை, பிறருக்குக் கேளாத குரல்கள் தமக்குக் கேட்டல், எல்லோரும் தமக்குத் தீங்கு செய்கின்றனர் என்ற அச்சம், மூச்சு முட்டும் பதற்றம், இனி வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் ஆகியன அதன் அடையாளங்கள்.

இந்த நெருக்கடி பெரும்பாலும் கடல் அலை போன்றது. எழுந்து, உச்சத்தை அடைந்து, பின் தணிந்துவிடும். உச்சத்தில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில் ஒருவர் தனியே விடப்படாதிருந்தால், அநேகமாக உயிர் காக்கப்படும். இதற்கு எமது நாடே சான்று. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக அது இருந்தது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் இவ்வீதம் பெரிதும் குறைந்தது. அந்தப் பொழுதில் கைக்கெட்டிய தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாதபடியால் எத்தனையோ பேர் பிழைத்தனர். நஞ்சை அகற்றுவது ஒரு காவல் என்றால், அருகில் ஒரு மனிதர் இருப்பது மற்றொரு காவல்.

வரலாற்றில் சில எடுத்துக்காட்டுகள்

பரிஸ் நகருக்கு அண்மையில் பிசேத்ர் என்ற பெரிய வைத்தியசாலை இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்கு உளநோயாளர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தோல் பதனிடும் தொழிலாளியான ஜோன் பப்டிஸ்ட் புசேன் என்பவர், கழுத்தில் கட்டிகள் தோன்றும் நோயுடன் அங்கு நோயாளியாகச் சேர்ந்தார். குணமடைந்த பின் அங்கேயே பணியாளராகி, காலப்போக்கில் உளநோயாளர் பிரிவின் பொறுப்பாளராக உயர்ந்தார். அவரிடம் வைத்தியப் பட்டம் எதுவும் இருக்கவில்லை. நோயாளரை அடிப்பதை அவர் தடுத்தார். நோயிலிருந்து மீண்டவர்களையே பணியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். 1797இல் அங்கு சங்கிலிகளை அகற்றினார். 1793இல் அங்கு வந்த புகழ்பெற்ற வைத்தியர் பிலிப் பினெல், புசேனிடமிருந்து பலவற்றைக் கற்றுக்கொண்டார். சங்கிலியை அகற்றிய புகழ் நெடுங்காலம் பினெலுக்கே சென்றது. எனினும் பிசேத்ரில் அதனைச் செய்தவர், நோயாளியாக வந்து பணியாளரான புசேனே.

அடுத்த எடுத்துக்காட்டு மதுவுக்கு அடிமையானவர் பற்றியது. 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் பில் வில்சன் என்ற அமெரிக்கர், தொழில் அலுவலாக அக்ரன் என்ற நகருக்குச் சென்றிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. எடுத்த அலுவல் தோல்வியில் முடிந்தது. தங்கியிருந்த விடுதியின் மதுச்சாலை கண்முன்னே இருந்தது. இனித் தன்னால் தாங்க முடியாது என்று உணர்ந்த அவர், விடுதியிலிருந்த தொலைபேசியை எடுத்து, தன்னைப் போலவே குடியால் வருந்தும் எவராவது இவ்வூரில் உண்டா என்று விசாரித்தார். பலரைக் கேட்டு, இறுதியில் வைத்தியர் பொப் சிமித் என்பவரைச் சந்தித்தார். கால் மணி நேரம் பேசினால் போதும் என்று வந்த வைத்தியர், பல மணி நேரம் அவரோடு இருந்தார். அவருக்கு அறிவுரை கூறியவர்கள் முன்னரும் பலர் இருந்தனர். தன் வீழ்ச்சியைத் தானே எடுத்துச் சொன்னவர் இவர் ஒருவரே. அச்சந்திப்பிலிருந்தே, பின்னாளில் உலகெங்கும் பரவிய 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்னும் சங்கம் பிறந்தது. அன்று உதவி பெற்றவர் வைத்தியர் மட்டுமல்லர். உதவி செய்யப் போன வில்சனும் அன்று குடிக்காமல் தப்பினார்.

அமெரிக்காவில் கிளிபர்ட் பியர்ஸ் என்பவர், உளநோய் விடுதிகளில் தாம் அனுபவித்தவற்றை 1908இல் நூலாக எழுதி, அடுத்த ஆண்டிலேயே உளநலத்துக்கான தேசியக் குழுவொன்றை ஆரம்பித்தார். 1978இல் ஜூடி சேம்பர்லின் என்ற பெண்மணி, நோயை அனுபவித்தவர்களே ஒருவருக்கொருவர் துணையாக நடத்தும் நிலையங்கள் வேண்டும் என்று தம் நூலில் வலியுறுத்தினார். இவ்வாறு தொடங்கிய பணி, இன்று பல நாடுகளில் சம்பளத்துடன் கூடிய தொழிலாக வளர்ந்துள்ளது.

துணைவர் செய்வது என்ன?

ஓர் இளைஞன் மூன்று நாட்களாக நித்திரையின்றி அறைக்கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறான் என வைத்துக்கொள்ளலாம். தாய் வாசலில் நின்று அழுகிறாள். "உனக்கென்ன குறை? சாப்பாடு இல்லையோ, உடுப்பு இல்லையோ?" என்கிறார் அயலவர் ஒருவர். "உன்னை விடக் கஷ்டப்பட்டவன் எல்லாம் வாழேல்லையோ?" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் செய்வினை என்கிறார். எல்லோரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் ஒவ்வொரு சொல்லும் உள்ளே இருப்பவனை மேலும் தனிமைப்படுத்துகிறது.

அனுபவத் துணைவர் வந்தால், முதலில் கூட்டத்தைச் சற்று விலகி நிற்கச் சொல்வார். கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்துகொண்டு, "தம்பி, மூண்டு நாளா நித்திரை இல்லை எண்டு அம்மா சொன்னவ. எனக்கும் முந்தி அப்பிடி ஒரு காலம் இருந்தது. நான் இதிலை கொஞ்ச நேரம் இருக்கிறன். கதைக்க வேணும் எண்டில்லை" என்பார். அவரது பணி இவ்வாறே தொடங்குகிறது. அதன் படிகள் பின்வருவன:

1. அருகில் இருத்தல்: அவசரப்படுத்தாமல், குரலை உயர்த்தாமல், மௌனத்துக்கும் இடம் கொடுத்து இருப்பார்.

2. கேட்டல்: "உனக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று கேளாமல், "என்ன நடந்தது?" என்று கேட்பார். குரல்கள் கேட்பதாக அவன் சொன்னால், அது பொய் என்று வாதாடமாட்டார். தமக்கும் கேட்பதாக நடிக்கவும் மாட்டார். அக்குரல் உன்னைப் பயப்படுத்துகிறதா என்று கேட்பார்.

3. தம் கதையை அளவோடு சொல்லுதல்: இந்த நிலையிலிருந்தும் மீளலாம் என்பதற்கு அவரே கண்கண்ட சான்று. அதற்கு நாலு வசனம் போதும். தம் துன்பத்தை நீட்டி விரித்துச் சொல்வது துணையாகாது.

4. நேராகக் கேட்டல்: உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று கேட்டால் அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடும் எனப் பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறு கேட்பதால் அது கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆம் என்று அவன் சொன்னால், துணைவர் அவனைத் தனியே விட்டுச் செல்லார். வீட்டிலுள்ள கிருமிநாசினியையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தச் செய்வார்.

5. கூடச் செல்லுதல்: வைத்தியசாலைக்கு முகவரி சொல்லி அனுப்பாமல் தாமும் கூடப் போவார். வரிசையில் காத்திருக்கும்போதும், வைத்தியரிடம் சொல்லத் தெரியாமல் தடுமாறும்போதும் பக்கத்தில் இருப்பார்.

6. பின்னரும் வருதல்: வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய முதற் சில வாரங்களே மிகவும் ஆபத்தானவை. நோயாளி வந்துவிட்டார் என்று வீட்டார் ஆறுதல் அடையும் அக்காலத்தில்தான் துணைவர் அடிக்கடி வரவேண்டும்.

ஆய்வுகள் காட்டும் பயன்

உயிரை மாய்க்க முயன்று பிழைத்த 1,867 பேரை வைத்து, உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. கொழும்பும் சென்னையும் அதில் இடம்பெற்றன. ஒரு பகுதியினருக்கு, வழமையான சிகிச்சையோடு, வீடு செல்லும் வேளையில் ஒரு மணி நேர ஆலோசனையும், பின்னர் 18 மாதங்களில் ஒன்பது தடவை நேரிலோ தொலைபேசியிலோ சுகவிசாரிப்பும் வழங்கப்பட்டன. 2008இல் வெளியான முடிவின்படி, அந்த 18 மாதங்களில் இவ்வாறு விசாரிக்கப்பட்டோரில் தம் உயிரை மாய்த்தவர்கள் 1,000 பேருக்கு 2 பேர். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 1,000 பேருக்கு 22 பேர். விசாரித்தவர்கள் மருத்துவ அனுபவம் உள்ளவர்கள். ஆயினும் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று தொடர்ந்து கேட்பதன் வலிமையை இவ்வாய்வு உணர்த்துகிறது.

அனுபவத் துணைவர்களையே கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2018இல் 'த லான்செற்' மருத்துவ இதழில் வெளியானது. நெருக்கடிச் சிகிச்சை பெற்று முடித்த 441 பேர் அதில் பங்குகொண்டனர். ஒரு பகுதியினரை அனுபவத் துணைவர்கள் பத்துத் தடவை வரை சந்தித்தனர். மற்றையோருக்கு வழிகாட்டி ஏடு மட்டும் தபாலில் அனுப்பப்பட்டது. ஓராண்டுக்குள் மீண்டும் நெருக்கடிச் சிகிச்சைக்கு வந்தவர்கள், துணை பெற்றோரில் 100க்கு 29 பேர். ஏடு மட்டும் பெற்றோரில் 100க்கு 38 பேர்.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

அனுபவத் துணைவர் வைத்தியர் அல்லர். மருந்தை நிறுத்தென்றோ, கூட்டு, குறை என்றோ சொல்வது அவர் வேலையன்று. தமக்குப் பயன்பட்ட வழி எல்லோருக்கும் பயன்படும் என்று எண்ணுவதும் தவறு. கேட்டவற்றை ஊரில் கதைக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று கண்டால் மட்டும், உரியவர்களுக்கு உடனே அறிவிக்க வேண்டும். பிறர் துயரைக் கேட்கக் கேட்க, தம் பழைய புண்ணும் நோகலாம். ஆதலால் அவருக்கும் ஓய்வும், மனம்விட்டுக் கதைக்க ஒரு மேற்பார்வையாளரும் தேவை.

எமது நாட்டில்

நண்பரைப் போலக் கேட்டு ஆறுதல் தரும் பணியைச் சுமித்ரயோ நிறுவனம் 1974 முதல் செய்து வருகிறது. உயிரை மாய்க்க முயல்வது 1998 முதல் சட்டப்படி குற்றமன்று. எனவே பொலிஸ் பயத்தினால் வைத்தியசாலைக்குப் போகாமல் மறைக்க வேண்டிய தேவை இல்லை. 2004 ஆழிப்பேரலையின் பின், ஊர்களில் உள்ளவர்களையே உளநலப் பணிக்குப் பயிற்றும் முயற்சிகள் நடைபெற்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் எந்நேரமும் உதவி கோரலாம்.

போரும் ஆழிப்பேரலையும் கண்ட எமது ஊர்களில், இருளைக் கடந்து வந்தவர்கள் இல்லாத தெரு இல்லை. பிள்ளையை இழந்தும் எழுந்து நின்ற தாய் இருக்கிறார். குடியிலிருந்து மீண்ட தந்தை இருக்கிறார். மருந்தெடுத்துக் குணமாகி வேலைக்குப் போகும் பிள்ளை இருக்கிறது. 'விசர்' என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சியே இவர்கள் தம் அனுபவத்தை மறைத்து வாழ்கின்றனர். அச்சொல்லை ஊரார் கைவிட்டால் அவர்கள் வாய் திறப்பர். அவர்கள் வாய் திறந்தால், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு பிள்ளை, மீண்டு வருவதற்கு வழி உண்டு என்பதை அறியும்.

ஆலய வீதியில் ஒன்றுகூடும் அடியார்கள், கும்பிட்டுத் திரும்பும் வழியில் அப்படி ஒரு வீட்டின் படலையைத் திறந்து, சற்று நேரம் இருந்துவிட்டு வருவார்களாயின், அதுவும் ஒரு பெருந்தொண்டாகவே அமையும் என்பதில் ஐயமில்லை.